மூன்றாவது மருந்தும் கேட்காதபோது: வளர்ந்த பிள்ளைக்காக எதைத் தேர்வது?

மனச்சோர்வுக்குக் கொடுத்த மூன்றாவது மருந்தும் கேட்கவில்லை என்று தெரிந்த அன்று, மருத்துவர் ஒரு வெள்ளைத்தாளில் அடுத்து இருக்கும் வழிகளை எழுதி என் மகளிடம் நீட்டினார். அவளுக்கு அப்போது 27 வயது. பிரித்துக்கூடப் பார்க்காமல் மடித்து என் கையில் கொடுத்துவிட்டாள். "நீங்களே பாருங்கப்பா. எனக்குப் படிக்கத் தெம்பில்லை."

அந்தத் தாளை வைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் பல இரவுகள் பேசினோம். சில இரவுகள் சண்டையும் போட்டோம். இதில் எது சிறந்தது என்பதுதான் எங்கள் கேள்வி. அது பாதிக் கேள்விதான் என்று புரிய மாதக்கணக்காயிற்று. இந்த நோயில் ஒவ்வொரு சிகிச்சையும் நோயாளியிடம் ஒன்றைக் கேட்கிறது, வீட்டாரிடம் வேறொன்றைக் கேட்கிறது. எத்தனை பேருக்குப் பலித்தது என்ற எண்ணோடு, அது எங்களிடம் என்ன கேட்கிறது, அதைக் கொடுக்க எங்களால் முடியுமா என்பதையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகுதான் கொஞ்சம் தெளிவு வந்தது. அந்த ஒப்பீட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை, தகப்பன். இதை வைத்து ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தவோ கூட்டவோ செய்யாதீர்கள். மருத்துவரிடம் என்ன கேட்பது, வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று யோசிக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

முதலில் கணக்கைச் சரிபாருங்கள்

"சிகிச்சைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு" என்ற பெயரைக் கேட்டதும் யாரோ தீர்ப்பு வாசித்ததுபோல் இருந்தது எனக்கு. உண்மையில் அது ஒரு கணக்கு. குறைந்தது இரண்டு மனச்சோர்வு மருந்துகளைப் போதுமான அளவில், போதுமான காலம் எடுத்தும் தக்க முன்னேற்றம் இல்லாவிட்டால் அந்தப் பெயரை வைக்கிறார்கள். "போதுமான" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் வரை, உடல் தாங்கும் சரியான அளவில் எடுத்திருந்தால்தான் ஒரு மருந்தைப் "பார்த்தாயிற்று" என்று சொல்ல முடியும்.

பழைய மருந்துச் சீட்டுகளையெல்லாம் எடுத்து ஒரே பக்கத்தில் எழுதினேன். மருந்தின் பெயர், தொட்ட உச்ச அளவு, எத்தனை வாரம், என்ன மாறியது, ஏன் நிறுத்தினோம். எழுதி முடித்தபோது, இரண்டாவது மருந்தைக் குமட்டலால் 18ஆம் நாளே நிறுத்தியிருந்தது தெரிந்தது. ஆக, உண்மையில் பார்த்தவை இரண்டுதான். பெயர் மாறவில்லை, ஆனாலும் மருத்துவரின் யோசனை மாறியது. அதற்கு முன் இரண்டு முறை மருத்துவரை மாற்றியிருந்தோம். ஒவ்வொருவரும் முந்தையவர் எழுதிய கடைசிச் சீட்டை மட்டும் பார்த்துவிட்டு மேலே போயிருக்கிறார்கள். பெற்றோராக நான் செய்த உருப்படியான வேலைகளில் அந்த ஒரு பக்கம் முதலிடத்தில் இருக்கிறது.

வேறு ஏதாவது காரணம் மனச்சோர்வின் உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். தைராய்டு குறைவு, பி12 குறைவு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, மது, வேறு நோய்க்காக எடுக்கும் மருந்துகள் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். எல்லாவற்றையும்விட முக்கியமானது இருதுருவ நோய், அதாவது சோர்வும் அளவுமீறிய எழுச்சியும் மாறி மாறி வருவது. சோர்வில் மூழ்கியிருப்பவருக்குத் தன் பழைய எழுச்சி நாட்கள் நினைவுக்கே வராது. தூக்கமே இல்லாமல் ஒரு வாரம் படபடவென்று இயங்கியது, ஒரேயடியாகச் செலவழித்தது, பேச்சு நிற்காமல் ஓடியது போன்றவற்றைக் கண்டவர்கள் வீட்டார்தான். மருத்துவர் ரகசியம் காக்க வேண்டும் என்பதால் உங்களிடம் அதிகம் சொல்லாமல் இருக்கலாம். நீங்கள் அவரிடம் சொல்வதற்குத் தடை இல்லை. பிள்ளைக்குத் தெரியும்படி சொல்லுங்கள், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு கறாராகக் கணக்குப் பார்க்க வேண்டும்? அமெரிக்காவில் சுமார் 4,000 பேரைப் படிப்படியாகப் பின்தொடர்ந்த ஸ்டார்-டி ஆய்வின் முடிவுகள் 2006இல் வந்தன. முதல் மருந்தில் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல் முழு நிவாரணம் கிடைத்தது. இரண்டாவது படியில் 30 சதவீதம். மூன்றாவது, நான்காவது படிகளில் 13, 14 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. அதே தரவை 2023இல் திரும்ப ஆராய்ந்தவர்கள் அந்த எண்களே மிகைதான் என்றார்கள். எப்படிப் பார்த்தாலும், இரண்டு மருந்துகள் கேட்காதபின் அதே வகையில் மூன்றாவது, நான்காவது என்று போய்க்கொண்டே இருந்தால் பலன் குறைந்துகொண்டே போகிறது. மருத்துவரின் தாளில் வேறு வகை வழிகள் இடம்பிடித்தது அதனால்தான்.

மாற்றுவதா, கூட்டுவதா?

எடுக்கும் மருந்தை விட்டு வேறொன்றுக்கு மாறலாம், அல்லது அதோடு இன்னொன்றைச் சேர்க்கலாம். பாதிப் பலன் கிடைத்திருந்தால் சேர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஒன்றுமே கிடைக்கவில்லை, பக்கவிளைவுதான் மிச்சம் என்றால் மாற்றுவதே சரி. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 1,500க்கும் மேற்பட்டோரிடம் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. அதில் எடுக்கும் மருந்தோடு அரிபிப்ரசோல் என்ற இன்னொரு மருந்தைச் சேர்த்தவர்களில் 29 சதவீதம் பேருக்கு நிவாரணம், மருந்தை மாற்றியவர்களில் 22 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த வழி வீட்டாரிடம் கேட்பது கண்காணிப்பை. அரிபிப்ரசோல் போன்ற மருந்துகளால் சிலருக்கு உடம்புக்குள் ஓர் அமைதியின்மை வரும். உட்கார முடியாது, கால் ஆடிக்கொண்டே இருக்கும், நடந்துகொண்டே இருப்பார்கள். அகதீசியா என்று அதற்குப் பெயர். என் மகளுக்கு வந்தபோது பதற்றம் கூடிவிட்டது என்றே நினைத்தேன். "கொஞ்சம் அமைதியா உட்காரும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளால் உட்கார முடியவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. தாங்க முடியாத அவஸ்தை அது, தற்கொலை எண்ணத்தைத் தூண்டவும் கூடும். கண்டதும் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். இப்படிச் சேர்த்துக் கொடுக்கும் குவெட்டியாபின் போன்றவை எடையையும் சர்க்கரையையும் ஏற்றலாம். லித்தியம் பழைய மருந்துதான். தற்கொலை அபாயத்தைக் குறைப்பதில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் ரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் தொடர்ந்து சோதிக்க வேண்டும். ஐபுப்ரோஃபென் போன்ற சாதாரண வலிமாத்திரைகூட லித்தியத்தின் அளவை ஏற்றிவிடும் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

எந்த மருந்து ஒத்துவரும் என்று மரபணுப் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கும் ஆதாரத்தைப் பார்த்தால், கையில் உள்ள பணத்தை முதலில் போட வேண்டிய இடம் அது என்று எனக்குத் தோன்றவில்லை.

பேச்சு சிகிச்சை

"மருந்தே கேட்கல, பேசி என்ன ஆகப்போகுது" என்றுதான் நானும் சொன்னேன். தவறு. பிரிட்டனில் மருந்துக்கு இணங்காத 469 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு, எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றப் பழக்கும் அறிதல் நடத்தை சிகிச்சையும் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அந்தப் பிரிவில் 46 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் பாதியாகக் குறைந்தன. மற்றப் பிரிவில் 22 சதவீதம் பேருக்குத்தான். அந்த ஆய்வு 2013இல் வெளியானது. மருந்துக்குப் பதிலாக அல்ல, மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது கிடைத்த பலன் இது. படுக்கையை விட்டே எழ முடியாத நிலையில் இதை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஓரளவு எழுந்து நடமாடும் நிலைக்கு வந்ததும் தள்ளிப்போடவும் கூடாது.

இங்கே வீட்டாரிடம் கேட்கப்படுவது மிகவும் கடினமான ஒன்று: உள்ளே என்ன பேசினாய் என்று கேட்காமல் இருப்பது. அந்த அறையில் நம்மைப் பற்றியும் பேச்சு வரும். வர வேண்டும். முதல் சில வாரங்கள் அவள் வெளியே வந்ததும் முகத்தைப் பார்ப்பேன். "அப்பா, பரீட்சைத் தாள் திருத்துற மாதிரி என் முகத்தைப் பார்க்காதீங்க" என்றாள். அதன்பிறகு வாசலில் காத்திருப்பதை விட்டேன்.

காந்தம், கெட்டமின், மின்சாரம்

எங்கள் சண்டையெல்லாம் இந்த மூன்றைப் பற்றித்தான். வேகமாகப் பலன் தெரியும் என்பதால் எனக்கு மின் அதிர்வு சிகிச்சை. பெயரைக் கேட்டாலே நடுங்கிய என் மனைவிக்கு அதைத் தவிர எதுவும். மகளுக்கு, எதுவுமே வேண்டாம்.

காந்தத் தூண்டல் சிகிச்சையில் மயக்க மருந்து கிடையாது. நாற்காலியில் உட்கார வைத்துத் தலையின் முன்பக்கம் ஒரு சுருளை வைத்து, காந்தத் துடிப்புகளால் மூளையின் ஒரு பகுதியைத் தூண்டுகிறார்கள். மனச்சோர்வுக்கு இதற்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் அனுமதி கொடுத்தது. வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். பழைய முறையில் ஒரு அமர்வு முப்பது நாற்பது நிமிடம் ஆகும். மூன்று நிமிடத்தில் முடியும் தீட்டா முறையும் அதற்குச் சளைத்ததல்ல என்று 2018இல் வந்த கனடா ஆய்வு காட்டியது. இரண்டிலுமே ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம், நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை முழு நிவாரணம். தலைவலியும் சுருள் படும் இடத்தில் வலியும் வரலாம். வலிப்பு வருவது மிக அரிது, ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு. தலைக்குள் உலோகக் கிளிப்போ காதுக்குள் பொருத்திய மின்கருவியோ இருந்தால் இது ஆகாது. நினைவாற்றல் பாதிக்கப்படுவதில்லை என்பது இதன் பெரிய பலம்.

பலவீனம் எண்களில் தெரியாது. குளிப்பதற்கே மூன்று நாள் யோசிக்கும் ஒருவர், முப்பது நாள் காலையில் எழுந்து கிளம்ப வேண்டும். இரண்டு மூன்று வாரம் ஒரு மாற்றமும் தெரியாமல் போய்வர வேண்டும். அந்தக் கிளம்புதலைச் சுமக்கப்போவது வீட்டில் இருக்கும் ஒருவர்தான். யார் அந்த ஒருவர், ஆறு வாரம் அவரால் வேலைக்கு நடுவே இதைச் செய்ய முடியுமா என்பதைத் தொடங்குவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். பாதியில் விட்டால் நோயாளி தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வார்.

கெட்டமின் பல பத்தாண்டுகளாக மயக்க மருந்தாக இருந்துவருவது. அது மனச்சோர்வை மூன்று நாட்களுக்குள் தணிக்கிறது என்று காட்டிய முதல் சிறிய ஆய்வு 2000இல் வந்தது. மூக்கில் தெளிக்கும் எஸ்கெட்டமினுக்கு 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ரத்தக்குழாய் வழியாகக் கொடுக்கும் சாதாரணக் கெட்டமினை மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில், அனுமதிக்கப்பட்ட பயன்பாட்டுக்கு வெளியே தருகிறார்கள். இதில் வேகம்தான் அதிசயம். வாரக்கணக்கில் காத்திருந்து பழகியவர்களுக்கு ஒரே நாளில் முகம் தெளிவது நம்ப முடியாததாக இருக்கும். அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. ஒரு தடவை கொடுத்ததன் பலன் பெரும்பாலும் சில நாட்களில், ஒன்றிரண்டு வாரத்தில் கரைந்துவிடும். திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது ரத்த அழுத்தம் ஏறும். தன் உடம்பை விட்டுத் தான் விலகிப்போனதுபோல் ஓர் உணர்வு வரும். எஸ்கெட்டமின் என்றால் இரண்டு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது. நீண்ட காலம் அதிகமாகப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சிறுநீர்ப்பை கெடுவதும் பழக்கமாவதும் தெரிந்த விஷயங்கள்.

வீட்டாரிடம் இது கேட்பது, முதல் வாரத்து மகிழ்ச்சியில் மிதக்காமல் இருப்பதை. பலன் கரையும்போது "போன வாரம் நல்லாத்தானே இருந்தே?" என்று கேட்டுவிடக் கூடாது. முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இது கேட்டால் எத்தனை மாதம், எந்த இடைவெளியில் தொடர்வோம், கேட்காவிட்டால் எப்போது நிறுத்துவோம்? தெளிவான பதில் இல்லாத இடத்தில் நான் தொடங்க மாட்டேன்.

மின் அதிர்வு சிகிச்சைக்கு வருகிறேன். 1938இல் ரோமில் செர்லெட்டி, பினி என்ற இரண்டு மருத்துவர்கள் தொடங்கிவைத்தது. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் கொடுத்த அந்தக் காலத்துக் காட்சிதான் இன்றைக்கும் எல்லோர் மனதிலும் ஓடுகிறது. இப்போது முறையாகச் செய்யும் இடங்களில் நோயாளி தூங்கிவிடுவார். மூளைக்குள் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வலிப்பு ஓடி முடியும். உடம்பு பெரிதாக அசையாது. வாரம் இரண்டு மூன்று முறை, மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு. உயிராபத்து ஒரு லட்சம் அமர்வுகளுக்கு ஏறத்தாழ இரண்டு என்ற அளவில்தான், மயக்க மருந்துக்கு இருக்கும் ஆபத்தை ஒட்டியது. உண்மையான விலை நினைவாற்றல். சிகிச்சை நடக்கும் வாரங்களும் அதற்கு முந்தைய சில மாதங்களும் மங்கலாம். புதிதாகக் கற்கும் திறன் சில வாரங்களில் திரும்பிவிடும். பழைய நினைவுகளில் சில திரும்பாமலே போகலாம். மின்முனையை ஒரு பக்கம் மட்டும் வைத்து, மிகக் குறுகிய துடிப்பு கொடுக்கும் முறையில் இந்த இழப்பு குறைகிறது. எந்த முறையில் செய்யப்போகிறீர்கள் என்று கேட்பது நோயாளியின் உரிமை.

கெட்டமினா, மின் அதிர்வா? இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வுகளைப் படித்தபோது எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. 2023இல் வந்த அமெரிக்க ஆய்வில் மூன்று வாரம் கழித்துக் கெட்டமின் பிரிவில் 55 சதவீதம் பேருக்கும் மின் அதிர்வுப் பிரிவில் 41 சதவீதம் பேருக்கும் பலன் தெரிந்தது. நினைவாற்றலும் கெட்டமின் பிரிவில் நன்றாக இருந்தது. சரி, கெட்டமின்தான் என்று முடிவு செய்யப் போனேன். அதற்கு முந்தைய வருடம் வந்த சுவீடன் ஆய்வில் நிலைமை தலைகீழ். மின் அதிர்வில் 63 சதவீதம் பேருக்கு நிவாரணம், கெட்டமினில் 46 சதவீதம். வித்தியாசம் எங்கே என்று தேடினால், அமெரிக்க ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்து வந்து போனவர்கள், மனப்பிரமை இல்லாதவர்கள். சுவீடனில் இருந்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு மோசமாக இருந்தவர்கள். ஆகவே எது சிறந்தது என்பது யாருக்கு என்பதைப் பொறுத்தது. சாப்பாடு தண்ணீரை விட்டுவிட்டார், அசைவற்றுக் கிடக்கிறார், இல்லாத குரல் கேட்கிறது, நான் பாவம் செய்துவிட்டேன் என்று திடமாக நம்புகிறார், உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மின் அதிர்வு சிகிச்சையைப் பயத்தினால் தள்ளிப்போடுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. எழுந்து நடமாடுகிறார், வேலையோ படிப்போ நினைவாற்றலை நம்பி இருக்கிறது, காத்திருக்க அவகாசம் இருக்கிறது என்றால் காந்தத்தை முதலில் பார்க்கலாம். இடைப்பட்ட நிலையில், மேற்பார்வை சரியாக இருக்கும் இடம் கிடைத்தால், கெட்டமின்.

மின் அதிர்வில் இன்னொன்றும் உண்டு. பலித்தபின் சும்மா விட்டால் நோய் திரும்பிவிடும். 2001இல் வந்த ஓர் ஆய்வில், குணமானபின் வெற்று மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 84 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. லித்தியமும் நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தும் சேர்த்து எடுத்தவர்களில் 39 சதவீதம். அதனால் பன்னிரண்டு அமர்வோடு செலவும் உழைப்பும் முடிந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். வீட்டார் கூடவே போய்வர வேண்டும். அந்த வாரங்களில் நடந்தவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். யார் வந்தார்கள், என்ன பேசினோம், எங்கே என்ன வைத்தாய் என்று. அவர் மறந்தவற்றைப் பிறகு கேட்கும்போது காட்டலாம்.

என் மகள் காந்தத்தைத் தேர்ந்தாள். நான் விரும்பியது அதை அல்ல. "மூளை என்னோடதுப்பா, மறந்துபோனா வாழப்போறது நான்தான்" என்றாள். மூன்று பேரும் உட்கார்ந்து மேலே சொன்ன எண்களைப் பார்த்த பிறகு அவள் சொன்ன காரணம் அது. அதற்குமேல் என் விருப்பத்துக்கு வேலை இல்லை. தொடங்கும்போது பி.எச்.கியூ.-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலில், 27க்கு 21 எடுத்திருந்தாள். ஆறு வாரத்தில் 12 ஆனது. ஐந்துக்குக் கீழே போனால்தான் நிவாரணம் என்பார்கள். 12 நிவாரணம் இல்லை. ஆனால் 12இல் இருக்கும் ஒருத்தி ஜன்னலைத் தானே திறக்கிறாள்.

நம் வீட்டிலா, தனியாகவா?

சிகிச்சையைத் தேர்வது அவர்கள் உரிமை. நாம் எங்கே நிற்பது என்பதுதான் நம் கையில் உள்ள தேர்வு. அதில் பெரியது, பிள்ளையை வீட்டுக்கு அழைத்துக்கொள்வதா என்பது.

அழைத்துக்கொண்டால் கண்ணெதிரே இருப்பார். மருந்து, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சுலபம். ஆறு வாரக் காந்த சிகிச்சை எங்கள் வீட்டில் இருந்ததால்தான் முடிந்தது. ஆனால் அவள் சொன்ன ஒன்று மறக்காது: "இந்த வீட்டுக்குள்ள வந்ததும் எனக்குப் பன்னிரண்டு வயசாயிடுது." வளர்ந்தவர் பழைய அறைக்குத் திரும்பும்போது தன் தோல்வியாகவே அதைப் படிக்கிறார். நாமும் நம்மை அறியாமல் பழைய அதிகாரத்துக்குத் திரும்பிவிடுகிறோம்.

இது வெறும் உணர்ச்சி விஷயம் இல்லை. வீட்டாரின் குறைகூறலுக்கும் நோய் திரும்புவதற்கும் உள்ள தொடர்பை 1970களிலிருந்தே ஆராய்ந்து வருகிறார்கள். 1989இல் ஹூலி, டீஸ்டேல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மனச்சோர்வு நோயாளிகளிடம், உங்கள் துணை உங்களை எவ்வளவு குறை சொல்கிறார் என்று ஒன்று முதல் பத்துக்குள் எண் போடச் சொன்னார்கள். அந்த ஒற்றைக் கேள்விக்கான பதிலே, யாருக்கு நோய் திரும்பும் என்பதை மற்ற அளவீடுகளைவிட நன்றாகக் காட்டியது. அவர்கள் கேட்டது கணவன் மனைவியைப் பற்றி. நான் என் மகளிடம் என்னைப் பற்றிக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "எட்டு" என்றாள். நான் திட்டியதே இல்லையே என்றேன். "திட்டல. பெருமூச்சு விடுறீங்க. மாத்திரை போட்டியான்னு கேட்கும்போது 'போட்டேன்'னு மட்டும்தான் பதில் சொல்ல முடியற மாதிரி கேட்கறீங்க."

தனியாகவே இருக்க விட்டால் அவருடைய வேலை, நண்பர்கள், தன் மீது உள்ள மதிப்பு எல்லாம் ஓரளவு மிஞ்சும். நாள் முழுக்கப் படுக்கையில் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது என்பது அதன் ஆபத்து. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. சிகிச்சை முடிந்ததும் நாங்கள் அதற்குத்தான் மாறினோம். அவள் அவள் இடத்தில். வீட்டுச் சாவி ஒன்று எங்களிடம். தினமும் காலை பத்து மணிக்குள் ஒரு செய்தி, ஒரு புள்ளி வைத்தாலும் போதும். மதியம் வரை வராவிட்டால் போன் செய்வோம், எடுக்காவிட்டால் நேரில் போய்விடுவோம். இதை அவளே முன்வைத்து, அவளே நேரம் குறித்தாள். புள்ளி வந்தால் அதற்குமேல் நாங்கள் ஒன்றும் கேட்பதில்லை.

எதைத் தேர்வது என்பதற்கு என் வரிசை இது: உயிருக்கு ஆபத்து இருந்தால் வீடு, வாக்குவாதம் இல்லை. ஆபத்து இல்லை, ஆனால் சாப்பாடும் தூக்கமும் குலைந்திருந்தால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வீடு, திரும்பிப்போகும் தேதியைப் பேசிவைத்துக்கொண்டு. சாப்பாடும் தூக்கமும் ஓரளவு ஓடுகிறது என்றால் மேலே சொன்ன நடுவழி. வேலையை ராஜினாமா செய்யச் சொல்லாதீர்கள். விடுப்பு எடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திரும்பிப்போக ஓர் இடம் இருப்பது சிறிய விஷயம் அல்ல.

அவருக்குப் பதிலாக எல்லாம் செய்து கொடுப்பதா, எதுவும் செய்யாமல் விடுவதா என்றால், கூட நின்று செய்வது. அவர் துணியை நான் துவைக்காமல், அவர் துவைக்கும்போது பக்கத்தில் நின்று உலர்த்துவது. வேகம் பாதியாகும், பரவாயில்லை.

தேர்வே இல்லாத இடம்

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்க வேண்டும். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம், கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்பது ஆய்வுகளில் தெரிந்த ஒன்று. "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நான் முதன்முறை கேட்டபோது என் குரல் நடுங்கியது. அவள் அழுதாள், பிறகு பேசினாள். மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு மட்டும் வெளியே வைத்து மிச்சத்தைப் பூட்டி வையுங்கள். ஆபத்தான மற்றப் பொருட்களையும் வீட்டைவிட்டு அகற்றுங்கள். மருந்து தொடங்கும் வாரங்கள், அளவு மாறும் வாரங்கள், குறிப்பாக 25 வயதுக்குட்பட்டவர்களிடம், கூடுதல் கவனம் வேண்டும். மனம் தெளிவதற்கு முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடும் நாட்களும் அப்படித்தான். திட்டம் வைத்திருக்கிறார், நேரம் யோசித்துவிட்டார் என்று தெரிந்தால் தனியே விடாமல் உடனே அவசரச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் கோபப்படுவார், நம்பிக்கைத் துரோகம் என்பார். அந்தக் கோபத்தை ஏற்றுக்கொள்ளலாம். பிறகு பேசிச் சரிசெய்துகொள்ள அவர் இருப்பார்.

ஓரளவு தேறியபின்

இது திரும்பக்கூடிய நோய். திரும்பும்போது மறுபடி அதே சண்டைகள் வேண்டாம் என்று, அவள் ஓரளவு நன்றாக இருந்த ஒரு மாலையில் மூவரும் உட்கார்ந்து ஒரு தாள் எழுதினோம். தொடக்க அறிகுறிகளை அவளே சொன்னாள்: போனைச் சத்தமில்லாமல் போடுவது, தலை வாருவதை விடுவது, எல்லாவற்றுக்கும் "பரவாயில்லை" என்று பதில் சொல்வது. எந்த மருத்துவர், எந்த மருந்து ஆகாது, அடுத்த தடவை எந்தச் சிகிச்சை என்பதையும் எழுதினாள். மின் அதிர்வு சிகிச்சைக்கு எதிரே "நான் சாப்பிடுறதை நிறுத்திட்டா சரி" என்று போட்டாள். அதை எழுதும்போது அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கீழே ஒரு கோடு போட்டு, "அப்பா செய்ய வேண்டியது" என்று தலைப்பு. அதற்குக் கீழே இரண்டு வரிகள். டாக்டருக்குப் போன் பண்ணுங்க. அப்புறம் வந்து என் பக்கத்துல உட்காருங்க, ஒண்ணும் கேட்காதீங்க.